அப்லோட் பக்கம் பூட்டு, டவுன்லோட் பக்கம் திறந்த வீடு

ஃபைல் அப்லோட் வச்ச சைட் எதைக் காட்டினாலும் பசங்க முதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், "அண்ணே ஜேபெக், பிடிஎஃப் ரெண்டு மட்டும் தான் எடுக்கும், செக் போட்டுட்டேன்". எங்கடா போட்டன்னு கேட்டா பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்ல, இல்லேன்னா சர்வர்ல கன்டென்ட் டைப் ஹெடரை, அதாவது இது என்ன வகை ஃபைல்னு கூடவே வர்ற வரியைப் பார்த்து. அந்த ஹெடரை எழுதி அனுப்புறதே எதிராளி தானே? மொய் கவர் மேல ஆயிரத்து ஒண்ணுன்னு எழுதியிருந்தா உள்ள பிரிச்சு எண்ணாமலா நோட்டுல ஏத்துவோம்?

நான் இங்க மொரிஷியஸ்ல, எபேன் சைபர்சிட்டில வேலை பார்க்குறேன், அதனால கோயில் பக்கம் யார் சைட் பண்ணாலும் லைவ் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு பார்வை பார்க்கச் சொல்லுவாங்க. இந்தத் தடவை ஒரு தம்பி கொண்டு வந்தான் (எந்த ஊர், எந்தக் கோயில்னு கேக்காதீங்க), தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறவங்க ஆன்லைன்லயே பதிவு பண்ற மாதிரி, ஃபோட்டோ, ஐடி கார்டு காப்பி, அட்ரஸுக்கு சிஇபி (இங்க கரண்ட் போர்டு) கரண்ட் பில், மூணையும் ஏத்தணும். பைத்தான்ல ஃப்ளாஸ்க்ங்கற சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க் வச்சு எழுதியிருந்தான். பையன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக் கூடாது, அப்லோட் பக்கம் நிறையவே யோசிச்சிருந்தான்.

ஃபைல் பேருக்கு ஃப்ளாஸ்க்கோட கூடவே வர்ற வெர்க்ஸாக் லைப்ரரில இருக்குற, பேரைச் சுத்தம் பண்ற செக்யூர் ஃபைல்நேம் ஃபங்ஷனைப் போட்டிருந்தான். நல்லது தான், புள்ளி புள்ளி ஸ்லாஷ் போட்டு ஃபோல்டரை விட்டு வெளிய ஏறுற வேலையெல்லாம் அதுல நடக்காது. ஆனா அது ஆஸ்கிக்கு (இங்கிலீஷ் எழுத்து, நம்பர், சில குறி மட்டும் இருக்குற பட்டியல்) வெளிய இருக்குற எழுத்து எல்லாத்தையும் தூக்கிடும். இங்க ஃப்ரெஞ்ச்ல ரெசு (ரசீது)ன்னு பேர் வச்ச பிடிஎஃப் நிறைய வரும், அதுல அந்த சி எழுத்துக்குக் கீழ தொங்குற வால் மட்டும் போய் மிச்சம் அப்படியே இருக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதே ஒருத்தர் "காவடி"ன்னு தமிழ்ல பேர் வச்ச ஜேபெக்கை அனுப்பினா? பேர் முழுசாப் போய், முன்னாடி இருந்த புள்ளியும் போய், வெறும் ஜேபிஜிங்கற மூணு எழுத்து தான் ஃபைலோட பேர்னு நிக்கும். அடுத்து இன்னொருத்தரும் தமிழ்லயே பேர் வச்சு அனுப்பினா அவர் ஐடி கார்டு முதல் ஆளோட ஐடி கார்டு மேல ஏறி உக்காந்துக்கும், ஒரு எர்ரரும் வராது, லாக்லயும் எதுவும் இருக்காது. தமிழ்க் கோயில் சைட்ல இது நடந்தா எப்படி இருக்கும்னு நினைச்சு ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அனுப்புறவர் வச்ச பேரை டேட்டாபேஸ்ல தனியா ஒரு கட்டத்துல போட்டுக்கோ, ஸ்கிரீன்ல காட்ட மட்டும் வச்சுக்கோ, டிஸ்க்ல போற பேர் நீ வச்ச யூயூஐடியா (ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராத நீளமான அடையாள நம்பர்) இருக்கட்டும்னு சொன்னேன். எக்ஸ்டென்ஷனும் (பேர் கடைசில புள்ளிக்கு அப்புறம் வர்றது) நீ வைக்கிறது தான், அவங்க குடுத்ததுல இருந்து வெட்டி எடுக்கிறது இல்ல. பிஹெச்பி (சர்வர்லயே ஓடுற ஸ்கிரிப்ட் மொழி) சைட்ல பிஹெச்பின்னு முடியுறதை மட்டும் தடுத்துட்டு, அதே மாதிரி ஓடக்கூடிய பிஹெச்டிஎம்எல், பிஹார்னு முடியுறதை விட்டுட்டு மாட்டுறவங்க இன்னிக்கும் இருக்காங்க. அந்த ஃபோல்டரே வெப் ரூட்டுக்கு (சர்வர் நேரா வெளிய காட்டுற ஃபோல்டர்) வெளிய இருந்துட்டா இந்தக் கவலையில பாதி இல்ல.

சரி, ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்குறது. முதல் சில பைட்டைப் பார்த்தா போதும்னு தம்பி நினைச்சிருந்தான். ஒரு பிஹெச்பி ஃபைலோட தலையில ஜிஐஎஃப்89ஏன்னு, அதாவது ஜிஃப் படத்தோட அடையாளமான ஆறு எழுத்து ஒட்டிவிட்டா அந்தச் சோதனை பாஸ். படம்னா பில்லோங்கற பைத்தான் பட லைப்ரரி வச்சுத் திறந்து, புது ஜேபெக்கா திரும்ப எழுதிடணும், அது படமே இல்லேன்னா அங்கேயே உடையும், ஒளிஞ்சிருக்குற குப்பையும் பெரும்பாலும் போயிடும், ஃபோன் ஃபோட்டோல ஒட்டிக்கிட்டு வர்ற ஜிபிஎஸ்ஸும் போயிடும் (வீட்டு வாசல்ல எடுத்த ஃபோட்டோன்னா வீடே தெரிஞ்சிடும்ல). பட லைப்ரரியையும் அப்டேட்ல வைங்க, 2016ல இமேஜ்மேஜிக்ங்கற பட லைப்ரரில இமேஜ்ட்ராஜிக்னு வந்த ஓட்டைல படம்னு ஒரு ஃபைலைக் குடுத்தே சர்வர்ல கமாண்ட் ஓட்ட முடிஞ்சது. எஸ்விஜி வேணவே வேணாம், அது படம் மாதிரி தெரியும் ஆனா உள்ள ஸ்கிரிப்ட் வைக்கலாம்.

இப்ப தான் அசல் விஷயம், டவுன்லோட். கமிட்டி ஆளுங்க ஐடியைத் திறந்து பார்க்க ஒரு லிங்க் வச்சிருந்தான், அதுல ஃபைல் பேரை அப்படியே எடுத்து அப்லோட் ஃபோல்டரோட பாத் ஜாயின் பண்ணி (ஃபோல்டர் பேரையும் ஃபைல் பேரையும் ஒட்டி ஒரே பாத்தாக்கி) அனுப்பிடுது. புள்ளி புள்ளி இருந்தா மறுத்துடுவேன்ணேன்னான். புள்ளியே இல்லாம ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற முழு பாத் ஒண்ணு குடுத்தேன், வந்துச்சு பாருங்க சர்வரோட பாஸ்வேர்ட் ஃபைல் ஸ்கிரீன்ல. பைத்தானோட ஜாயின் அப்படித்தான், ரெண்டாவதா வர்றது ஸ்லாஷ்ல ஆரம்பிச்சா முதல் ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதை மட்டும் வச்சுக்கும். பக்னு சொல்ல முடியாது, டாக்குமென்ட்லயே எழுதியிருக்கு, படிக்கத் தான் ஆள் இல்ல. பாத்தை முழுசா ரிசால்வ் பண்ணின அப்புறம் அது நம்ம ஃபோல்டருக்குள்ள தான் இருக்கான்னு பார்க்கணும், அதையும் ஸ்டார்ட்ஸ்வித்ல, அதாவது ஆரம்ப எழுத்து ஒத்துப்போகுதான்னு மட்டும் பார்த்தா அப்லோட்ஸ்னு ஆரம்பிக்கிற அப்லோட்ஸ்பழசு ஃபோல்டரும் சரின்னு ஆயிடும். ஃப்ளாஸ்க்ல சென்ட் ஃப்ரம் டைரக்டரின்னு ஒண்ணு ரெடியா இருக்கு, அதைப் போட்டா முடிஞ்சது. கேவலமா நினைக்காதீங்க, அப்பாச்சிங்கற பெரிய வெப் சர்வர்லயே 2021 அக்டோபர்ல 2.4.49ல இதே மாதிரி ஃபோல்டரை விட்டு வெளிய போற ஓட்டை (பாத் ட்ராவர்சல்) தெரிய வந்து, 2.4.50ல சரி பண்ணினோம்னு விட்டு, அது பத்தாம சில நாள்லயே 2.4.51 விட்டாங்க. புள்ளியை ரெண்டு தடவை என்கோட் பண்ணி (சதவீதக் குறி போட்ட குறியீடா மாத்தி) அனுப்பினா உள்ள போயிடுச்சு.

அதை விடப் பெரிசு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஹேக்கரே தேவையில்ல. பதிவைக் காட்டுற லிங்க்ல நம்பர் 1, 2, 3ன்னு போகுது, லாகின் பண்ணின யாரும் நம்பரை மாத்தினா அடுத்தவர் ஐடி கார்டு வருது. 2019ல அமெரிக்கால ஃபர்ஸ்ட் அமெரிக்கன்னு ஒரு டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி சைட்ல இதே கதை தான், நம்பரை மாத்த மாத்த 88.5 கோடி ஆவணம் வரைக்கும் திறந்து கிடந்துச்சுன்னு செய்தி வந்துச்சு, அங்க லாகின் கூடக் கேக்கல. யூயூஐடி வச்சுட்டா போதுமேன்னு தம்பி கேட்டான். போதாதுடா, லிங்க் ஒருத்தர் வாட்ஸ்ஆப்ல ஃபார்வர்ட் பண்ணினா போச்சு, ஒவ்வொரு தடவையும் இந்த ஆளுக்கு இந்த ஃபைலைப் பார்க்க உரிமை இருக்கான்னு சர்வர் கேட்டே ஆகணும். கூடவே பிடிஎஃப்பை பிரவுசர்ல திறக்காம டவுன்லோட் ஆகுற மாதிரி அட்டாச்மென்ட்டா அனுப்பு, பிரவுசர் தானா வகையை ஊகிக்காம இருக்க நோஸ்னிஃப் ஹெடர் போடு, முடிஞ்சா வேற டொமைன்ல இருந்து குடு.

ஜிப் அப்லோட் வேணும்னு கமிட்டில கேட்டிருக்காங்களாம். வேணாம்னுட்டேன். 42 கிலோபைட் ஜிப் ஒண்ணு விரிஞ்சா 4.5 பெட்டாபைட் ஆகும், அது பழைய விளையாட்டு. டார் ஃபைல்னா (பல ஃபைலை ஒண்ணாக் கட்டுற இன்னொரு வகை) இன்னும் மோசம், விரிக்கிறப்ப ஃபோல்டரை விட்டு வெளிய எழுதுற ஓட்டை ஒண்ணு பைத்தான் டார்ஃபைல்ல 2007ல பதிவாச்சு, அதுக்கு ஃபில்டர் 2023ல தான் வந்துச்சு, அது தானா வேலை செய்யுறது பைத்தான் 3.14ல இருந்து தான்.

இங்க 2017 டேட்டா ப்ரொடெக்ஷன் சட்டம் இருக்கு, டேட்டா கசிஞ்சா முடிஞ்ச வரைக்கும் 72 மணி நேரத்துக்குள்ள கமிஷனருக்குச் சொல்லணும், கோயில் சங்கம்னு தனியா விலக்கெல்லாம் இல்ல. ஐடி நம்பர்லயே குடும்பப் பேரோட முதல் எழுத்தும் பிறந்த தேதியும் இருக்கு, கார்டு படம் வேற போனா கேக்கவே வேணாம். ஆள் வந்து சரி பார்த்து முடிஞ்சதும் ஐடி படத்தை டெலீட் பண்ணிடுற மாதிரி தம்பி எழுதிட்டான். கரண்ட் பில் எதுக்குன்னு கமிட்டில விசாரிக்கச் சொன்னேன், பழைய பேப்பர் பாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு, அதனால வச்சோம், யாரும் பார்க்குறது இல்லேன்னு பதில் வந்துச்சு. அந்த அப்லோட் பட்டனையே எடுத்தாச்சு.