பயறு விதைக்கப் போய் வீணான மூன்று கிழமை

குளத்துத் தண்ணீர் இல்லாமல் மழையை நம்பிப் பெரும்போக நெல் செய்து, வெட்டு முடிந்த வயலில் ஈரத்தை வைத்துப் பயறு போடுகிற, திருகோணமலை மாவட்டத்துத் திரியாய், குச்சவெளிப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த முறை ஆறு கிலோ விதையைச் சேற்றில் போட்டு அழித்தேன். மனம் இன்னும் ஆறவில்லை.

ஜனவரி கடைசியில் வெட்டு முடிந்தது. ஈரம் காயமுதல் போடவேண்டும் என்ற அவசரத்தில் பெப்ரவரி 9ஆம் திகதியே அரை ஏக்கரை உழுவித்து விதைத்துவிட்டேன். உழும்போதே மண் பாளம் பாளமாக, பளபளவென்று புரண்டது. அதைப் பார்த்த உடனேயே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு மழை. ஆறாம் நாள் கிளறினால், விதை ஊதித் தோல் கழன்று கிடக்கிறது. விரலால் அமர்த்தக் களியாகப் பிதுங்கியது, புளித்த மணம் வேறு.

அடுத்தது விதைக்கு அலைந்த கதை. புல்மோட்டை பஸ்ஸில் ஏறித் திருகோணமலைக்குப் போய், மானிய விதை கொடுக்கிற அலுவலகத்தில் கேட்டேன். "சேர் வெளிக்களத்துக்குப் போயிட்டார், திங்கட்கிழமை வாங்கோ." திங்கட்கிழமை போனால், "காணிப் பதிவுத் துண்டு எங்க?" முதல் நாளே அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை. துண்டோடு மூன்றாம் தரம் போனபோது விதை முடிந்துவிட்டது. மூன்று நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். தயவு செய்து மார்கழியிலேயே பெயரைப் பதிந்து வையுங்கள். போகமுதல் ரெலிபோன் எடுத்து, என்னென்ன துண்டு வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கடையில் சமையலுக்கு விற்கிற பயறை வாங்கினேன். நல்ல வேளையாக இந்த முறை முளை பார்த்தேன். ஈரச் சீலையில் 50 விதை சுற்றி வைத்ததில் மூன்றாம் நாள் முளைத்தது 23. அதை அப்படியே சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வயல் ஆச்சி, காய்ந்த வேப்பிலை போட்டுப் பானையில் கட்டி வைத்திருந்த தன் விதையில் ஆறு கிலோ அளந்து தந்தா. அதில் 50க்கு 45 முளைத்தது.

விதையோடு கணக்கையும் ஆச்சிதான் சொல்லித் தந்தா. "கலண்டரைப் பார்க்காதே, பிள்ளை. கச்சான் காத்து கிளம்பமுதல் காய் முத்தோணும். அதில இருந்து பின்னுக்கு எண்ணு." பயறுக்கு 60, 65 நாள். கச்சான் என்கிற சூட்டுக் காற்று இங்கே மே நடுவில் தொடங்கினால், பூவில் இருக்கிற செடி பூவைக் கொட்டிவிடும். மார்ச் முதல் கிழமை தாண்டினால் ஆபத்து என்பது அப்போதுதான் விளங்கியது.

விதைக்கிறதுக்குக் கடைசி நாள் தெரிந்தது. முதல் நாளை மண்தான் சொல்லவேண்டும். ஒரு சாண் ஆழத்தில் தோண்டி, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி, இடுப்பு உயரத்தில் இருந்து விடுங்கள். உருண்டை உடையாமல் சப்பென்று ஒட்டினால் பொறுங்கள். பிடியே பிடிக்காமல் பொடிந்தால் பிந்திவிட்டது. விழுந்து நாலைந்து துண்டாகச் சிதறினால் அன்றைக்கே உழவு. மேட்டில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். என் வயலில் மேடு சரியாக வந்த பிறகும் வடிகால் மூலை நாலு நாள் ஈரமாகவே கிடந்தது. அந்த மூலையைக் கடைசியாகப் போட்டேன்.

மார்ச் 4ஆம் திகதி விதைத்தேன். ஐந்தாம் நாள் வரிசையாக வளைந்த கழுத்துகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றன. வரம்பில் குந்தியிருந்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பிறகு ஒரு கிழமை காலையும் பின்னேரமும் மயில் காவல். இரண்டு இலை விடும் வரைக்கும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவே கூடாது. அழுக்கணவன் பூச்சி கொஞ்சம் வந்தது, சமாளித்தோம்.

மே 3ஆம் திகதி முதல் தரம் காய் ஆய்ந்தோம். இரண்டாம் ஆய்தல் முடிந்த கிழமைதான் கச்சான் கிளம்பியது. ஆச்சியிடம் வாங்கிய ஆறு கிலோவுக்கு எட்டாக அளந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பானையிலும் இப்போது வேப்பிலை போட்ட விதை இருக்கிறது.