டிக்கட்டில் ஒரு வரி, கொப்பியில் ஒரு வரி

"சிறுநீர் சரியாகப் போகிறது." நோயாளியின் நிலையைக் குறிக்கும் வார்டுத் தாளான டிக்கட்டில் இப்படி எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "05.40, 90 மி.லீ., பிளேன்டீ நிறம்", அதாவது பால் சேர்க்காத தேநீரின் நிறம், என்று எழுதியிருந்தால் வைத்தியரை உடனே கூப்பிடுவார். தாதித் தொழில் எனக்குக் கற்றுத் தந்த எழுத்து முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இலங்கையின் தேயிலை மலையகத்தில் இதற்குக் குளவி கொட்டுவதைவிட நல்ல உதாரணம் இல்லை. கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து, பல பேர் கொட்டுப்பட்டு ஒன்றாக வார்டுக்கு வந்து இறங்குவார்கள். முதலில் கேட்க வேண்டியது நேரம். "பிரட்டு முடிஞ்சு மலைக்கு ஏறினதும்", "பகல் நிறுவைக்கு முன்னாடி" என்றுதான் பதில் வரும். அந்தத் தோட்டத்தில் பிரட்டும் (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது) நிறுவையும் (பறித்த கொழுந்தை நிறுப்பது) எத்தனை மணிக்கு என்று கூட வந்தவரிடம் கேட்டு, அதை மணிக்கணக்காக மாற்றி எழுத வேண்டும். அடுத்தது கொடுக்கு. தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், உடனே எடுக்க வேண்டும். குளவி அப்படி விட்டுப் போவதில்லை. மலையில் பலர் இரண்டையுமே குளவி என்பதால், தோலில் கண்டதையே எழுதுங்கள்.

கடும் ஒவ்வாமைக்கு, பெரியவர் என்றால், ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலினில் 0.5 மி.லீ. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும். குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போட வேண்டியிருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் போட்ட முதல் ஊசி 10.10க்கா 10.25க்கா என்று தெரியாமல் இதை முடிவு செய்ய முடியாது. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்; அதைக் கணக்கிடவும் அந்த நேரம்தான் வேண்டும்.

நிறையக் கொட்டுப்பட்டவருக்கு ஆபத்து அத்தோடு முடிவதில்லை. விஷம் தசையையும் சிவப்பணுக்களையும் உடைக்க, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முதலில் சிறுநீரின் நிறம் மாறும், பிறகு அளவு குறையும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு குறைந்தது 0.5 மி.லீ. வர வேண்டும், 50 கிலோ உள்ளவருக்கு 25 மி.லீ. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, துணைக்கு நிற்பவர் நல்ல மனதோடு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவது. "அம்மா, ஊத்திராதீங்க, எனக்குக் காட்டுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏன் என்பதையும் சொல்லுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "மயக்கமா வருதுங்க மிஸ்" என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். விழுந்தீர்களா, விழுந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். "கை வெறச்சிப் போச்சு" இன்னும் சிக்கலானது: குளிராலா, உணர்ச்சி இல்லையா, மடக்க முடியவில்லையா? தொட்டும் அசைக்கச் சொல்லியும் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றும் மூன்று வெவ்வேறு சொற்கள். தவறான சொல் போனால் சிகிச்சையும் அதன் பின்னாலேயே போகும். சந்தேகமாக இருந்தால் அவர் சொன்ன தமிழை அப்படியே மேற்கோளில் எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. நன்றாகத் தூங்கினாரா என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் என்று கேளுங்கள் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே எழுதிவிட்டார். "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்று சொல்லிப் பழகிய நம் ஆட்களிடம் அந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் குளிரான ஊர். விடியற்காலையில் விரல் சில்லிட்டிருந்தால் அதில் மாட்டும் கருவி ஒட்சிசன் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கி மறுபடியும் பாருங்கள். மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்திருங்கள்.

இரவு டியூட்டி முடிகிற காலை 7 மணிக்கு நினைவிலிருந்து எழுதினால் நேரமெல்லாம் 2.00, 4.00 என்று உருண்டுவிடும். கட்டிலருகிலேயே எழுதுங்கள். பிந்தினால் நடந்த நேரம், எழுதிய நேரம் இரண்டையும் போடுங்கள். பிழைக்கு ஒரே கோடு, கையொப்பம். வெள்ளை மை பூசக் கூடாது.

சொந்தக் கொப்பியில் எழுதவும் இதே பழக்கம் உதவுகிறது. "பாவமாக இருந்தது" என்று எழுதுவதற்குப் பதிலாக, கொழுந்துக் கறை ஏறிய விரல் போர்வை ஓரத்தைப் பறிப்பது போலக் கிள்ளிக்கொண்டிருந்ததை எழுதலாம். தூங்குவதற்கு முன் இரண்டு வரி போதும். மறுநாள் அது கைக்கு வராது. பெயரை விட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வயது, தோட்டம், நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்றையும் விட்டுவிட்டு அந்த விரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் குறித்த துண்டுத் தாளை வார்டை விட்டு வெளியே வருமுன் கிழித்துவிடுங்கள்.