தவிராவில் ஒரு கோடியக்கரை

"கோடியக்கரைக்குப் போயிருக்கியாடி? ஊருக்கு வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!"

வீடியோ காலில் அம்மா பதறிவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தது போர்ச்சுகலின் தென்கரையில், தவிரா ஊரின் உப்பளத்து வரப்பில். பின்னால் பாத்திகள் நிறையத் தண்ணீர், தண்ணீரில் பூநாரைகள். பொங்கல் முடிந்து நாலாவது நாள். அம்மா மேல் தப்பில்லை, அந்தத் திரையில் தெரிந்தது அப்படியே எங்கள் வேதாரண்யம்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இதே கரையில் இருக்கும் ஃபாரோ நகரத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு நானும் மகனும் கிளம்பிவிடுவோம். இந்த அல்கார்வ் கரையில் ஜனவரிப் பகலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். வடக்கே பனிக்குத் தப்பி வந்த ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் வழியெல்லாம் சைக்கிளில் வருவார்கள், கையசைப்பார்கள்.

போகிற வழியில் ஜியோகேச்சிங். மகன் அதற்கு வைத்த பெயர் 'பொட்டி வேட்டை'. யாரோ ஒளித்துவைத்த சின்ன டப்பாவை, போன் காட்டும் இடத்துக்குப் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்கா நீக்கியது. மறுநாளே ஓரிகனில் ஒருவர் வாளி ஒன்றை மறைத்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. மகனுக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

இங்கே எல்லோரும் சொல்லும் கதை வேறு. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூர் முஸ்லிம்கள் இங்கே ஆண்ட காலத்து அரசன் ஒருவன் வடநாட்டு இளவரசியை மணந்துகொண்டான். பனியைக் காணாமல் அவள் ஏங்கி நோயில் விழ, ஊரெல்லாம் வாதுமை மரங்களை நடவைத்தானாம். வெள்ளை வெள்ளையாகப் பூத்த பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாளாம். எனக்காக யாரும் எதையும் நடவேண்டியிருக்கவில்லை. உப்பளம் ஏற்கெனவே இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு வேதாரண்யம் என்றால் 1930, ராஜாஜி, உப்பு சத்தியாகிரகம். எனக்கு அது அப்பாயியின் பாதவெடிப்பு. உப்புத்தண்ணீர் இறங்கி இறங்கி இரவில் எரியும், வேப்பெண்ணெய் தடவிவிடுவேன். இங்கே உப்பு எடுப்பது கோடையில். குளிர்காலத்தில் பாத்திகள் ஓய்ந்து கிடக்க, பறவைகள் வந்து மேய்கின்றன. எங்கள் ஊரிலும் ஐப்பசி மழை பிடித்தால் பாத்திகளுக்கு ஓய்வுதான். ஆனால் அந்த மாதங்களில் அப்பாயிக்குக் கூலி கிடையாது. வீட்டில் அரிசி அளந்துதான் போடுவார்கள். பூநாரைகள் வந்து இறங்குகிற அதே மாதங்கள்! அவற்றைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து செத்துப்போன அப்பாயி, ஒருநாளாவது உட்கார்ந்து அவற்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இந்த வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் நான் சும்மா நிற்கிறேன். அது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, அன்றைய டப்பா. பழைய மதகுப் பலகைக்குப் பின்னால் காந்தத்தோடு ஒட்டியிருந்ததை மகன்தான் கண்டுபிடித்தான். சுருட்டிய தாளைப் பிரித்தால் ஹாம்பர்க், உட்ரெக்ட், லிஸ்பன் என்று ஊர்ப்பெயர்கள். பேனாவை வாங்கி, தேதி போட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் 'வேதாரண்யம்' என்று தமிழில் எழுதினேன்.

"அம்மா, நாம ஃபாரோன்னுதானே எழுதணும்? வீடு அங்கதானே இருக்கு?"

"ஆமாண்டா, அங்கதான்" என்றேன். ஆனாலும் எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. அவன் பேனாவை வாங்கி, எனக்குக் கீழே தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஃபாரோ என்று போட்டுக்கொண்டான்.