அச்சுப்படக் கேள்வி: உணர்ச்சிக்கு முன் கையைப் பாருங்கள்

கலை வரலாற்றுத் தேர்வுத் தாளில் பெயர் மறைத்துத் தரப்படும் படத்தைப் பகுப்பாய்வு செய்யும் கேள்விதான் இம்முறை என்னைக் கரையேற்றியது என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வந்த படம், அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் 1960-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செய்த கருப்பு வெள்ளை லித்தோகிராஃப், அதாவது கல்லின் மேல் வரைந்து தாளில் எடுக்கும் அச்சு. உருவங்களைக் காட்டாமல் கோடு, வண்ணம், வீச்சு ஆகியவற்றாலேயே பேசும் இத்தகைய அரூப வெளிப்பாட்டியப் படத்தைக் கண்டதும் கோபம், கொந்தளிப்பு, வேதனை என்று அடுக்கிவிடுவது வழக்கம். வழிகாட்டி நூல்களும் அதைத்தான் பழக்குகின்றன. நான் அந்தச் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு, கோடு விழுந்த விதத்தை முதலில் எழுதினேன். தரை துடைக்கும் மாப்பை மையில் தோய்த்து அவர் கல்லின் மேல் இழுத்தார் என்பதால், அந்த அகன்ற பட்டைகளில் நாம் காண்பது மணிக்கட்டின் அசைவன்று, தோளிலிருந்து புறப்பட்ட வீச்சு. மை வற்றுமிடத்தில் பட்டை நார்நாராகப் பிரிகிறது. வேகம் என்று எழுதுவதற்கு அதுவே சான்று.

இதைவிட முக்கியமானது, கல்லிலிருந்து நேரடியாக எடுக்கும் அச்சில் படம் இடவலமாகத் திரும்பிவிடுகிறது என்பது. தாளில் வலப்புறம் பாய்வதாகத் தோன்றும் வீச்சு, கல்லில் இடப்புறம் போனது. ஆகவே பார்வையாளர் உணரும் அசைவையும் கலைஞரின் கை செய்த அசைவையும் தனித்தனியாக எழுத வேண்டும். எனக்கு மதிப்பெண் தந்தது இந்தப் பத்திதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே பாணி ஓவியரான ஜாக்சன் பொல்லாக்கின் அச்சு வந்தால், உடனே சொட்டு ஓவியம் (வண்ணத்தைச் சொட்டவிட்டு வரையும் அவரது புகழ்பெற்ற முறை) என்று எழுதிவிடாதீர்கள். 1944–45-இல் நியூயார்க்கில் அச்சுக் கலைஞர் ஹேட்டர் நடத்திய அட்டெலியே 17 என்ற அச்சுப் பட்டறையில் அவர் செய்த செதுக்கு அச்சுகள் அதற்கு முந்தியவை. அங்கே பியூரின் எனும், உலோகத்தில் கோடு செதுக்கும் உளியை முன்னோக்கித் தள்ளி, வளைவுக்குச் செப்புத் தகட்டையே திருப்புவார்கள்; செம்பு எதிர்த்து நிற்பதால், சுழலும் கோட்டிலும் ஓர் இறுக்கம் இருக்கும். அத்தகடுகளில் சில, அவர் மறைந்த பின் 1967-இல்தான் பதிப்பாக வெளிவந்தன.

எழுதும்போது:

– ஒவ்வோர் உணர்ச்சிச் சொல்லுக்கும் படத்தில் ஓர் இடத்தைச் சுட்டுங்கள். சுட்ட முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.
– வெற்றுத் தாளையும் படிக்க வேண்டும்; அசைவு அங்கேதான் மூச்சுவிடுகிறது.
– கலைஞரின் வாழ்க்கைக் கதை ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.
– ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலரின் மரச்செதுக்கு அச்சுகளில் வீச்சைத் தேடாதீர்கள். அங்கே வண்ணப் பரப்புகளின் விளிம்புகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள்.

நான் நிதானமாகப் பார்ப்பவன் என்பதால் இந்த வரிசை எனக்குப் பொருந்தியது. பார்த்தவுடன் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் அந்த முதற்சொல்லை ஓரத்தில் குறித்துவைத்து, கோடுகளைப் படித்து முடித்தபின் அது இன்னும் நிற்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.