ஆப்சென்ட் எஸ்எம்எஸ்

தர்மபுரி பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டுக்குத் தொழில் நெறிமுறை (எதிக்ஸ்) தாள் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு அது 'கதை பேப்பர்'. முந்தின ராத்திரி புரட்டினால் பாஸ். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மீது அளவு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியதைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் 2018இல் திருத்திய நெறிமுறையும் அப்படித்தான். அடுத்த பீரியடில் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு வந்தால் இந்தத் தாளின் வாடையே இருக்காது.

வருஷா வருஷம் ஒரு டீமாவது முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் ப்ராஜெக்ட்டைக் கொண்டுவரும். பிபிடியில் 'துல்லியம் 99.38 சதவீதம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். முகம் கண்டுபிடிக்கும் டிலிப் (dlib) என்ற மென்பொருளின் மாடல் எல்எஃப்டபிள்யூ என்ற படத்தொகுப்பில் வாங்கிய மார்க் அது. பெரும்பாலும் செய்திகளில் வந்த பிரபலங்களின் படங்கள். இரண்டு படத்தில் இருப்பவரும் ஒரே ஆளா என்பதுதான் அங்கே கேள்வி. ஜன்னல் வெயில் பாதி முகத்தில் விழும் நம் கடைசி பெஞ்சுக்கு அந்தப் பரீட்சையில் இடமில்லை. இனத்துக்கு இனம் துல்லியம் மாறலாம் என்று பிள்ளைகள் எடுத்துப் போடும் ரெடிமேட் கோடு லைப்ரரியின் ரீட்மீ குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதை இறக்கிக்கொள்ளும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளை வரிக்குக் கீழே யார் கண் போகிறது?

சரி, 99.38ஐயே நம்புவோம். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் ஒரு காலையில் ஆறு பேர் வந்தும் வராதவர்கள்.

போன முறை வந்த டீம் இதில் இன்னொன்றையும் சேர்த்திருந்தது. ஒன்பதேகாலுக்குள் முகம் பதியாவிட்டால் பெற்றோருக்குத் தானாக எஸ்எம்எஸ் போய்விடும். நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அட்மிஷன் ஃப்ளெக்ஸில் போடலாமே!

டெமோவில் 'உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்று செல்போனில் வந்து விழுந்ததும், அந்த டீமிலேயே இருந்த பெண், "மேம், இது எங்க வீட்டுக்குப் போச்சுன்னா அன்னையோட என் படிப்பு முடிஞ்சது" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது பெரியப்பா மகன் நம்பர். செய்தி முதலில் அந்த அண்ணனுக்குத்தான் போகும்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் ஓமலூர் பக்கமிருந்து வரும் காலேஜ் பஸ் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். அதற்குள் அந்த பஸ்ஸில் இருக்கும் அத்தனை பெண்கள் வீட்டிலும் 'எங்க போனாளோ' ஆரம்பித்துவிடும். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே பெண் பிள்ளை வரவில்லை என்று ஒரு வரி அனுப்புவது சாதாரணக் காரியமா?

"கிளையண்ட் கேட்டா பண்ணித்தானே மேம் ஆகணும்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். படிப்பை முடித்து ஓசூரிலோ பெங்களூரிலோ இதைத்தான் செய்யப்போகிறான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்னதை எடுத்துச் சொன்னேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சொன்னேன். பதினெட்டு தாண்டியவளின் சம்மதத்தை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். தொப்பூர் கணக்கைப் போர்டில் போட்ட பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது.

அப்புறம் அவர்களே மாற்றினார்கள். முகம் சிக்காவிட்டால் 'ஆப்சென்ட்' விழாது. 'சரிபார்க்கவும்' என்று வகுப்பு ஆசிரியரின் திரைக்குப் போகும். முதல் எஸ்எம்எஸ் அந்த மாணவிக்கே. லேட்டாக வரும் பஸ் நம்பரைப் போட்டால் அதில் வரும் பிள்ளைகளுக்குக் காத்திருப்பு. வீட்டுக்குப் பேசுவதென்றால் ஒரு ஆசிரியர்தான் பேச வேண்டும். படம் தரமாட்டேன் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பழைய அட்டெண்டன்ஸ் நோட்டு. இத்தனைக்கும் கோடில் சேர்ந்தது சில வரிகள்தான்.

எக்ஸ்டர்னலாக வந்தவர் துல்லியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். தங்கள் வகுப்பிலேயே அளந்த எண்ணைச் சொன்னார்கள். 99ஐ விட நன்றாகவே குறைவு. மார்க்கும் அதற்கேற்றபடி விழுந்தது. நிர்வாகம் இந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. தானாக எஸ்எம்எஸ் போகும் ரெடிமேட் பேக்கேஜ் ஒன்றை வாங்கப் போவதாகப் பேச்சு. அந்தக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். டெமோ காட்ட வருகிறவரிடம் முதலில் கேட்கப் போவது, வீட்டு நம்பரை அந்தப் பெண்ணே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதைத்தான்.