பெல்ட் பல் உதிர்ந்த கதை: ஷெட் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, இரவு
மூன்றாவது கியரில், நாற்பது வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி அணைந்தது. இடியும் இல்லை, தட்டலும் இல்லை. ஓரம்கட்டி இரண்டு முறை செல்ஃப் அடித்தேன். என்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, திணறலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துவது) இல்லாத என்ஜின் அப்படித்தான் சுற்றும் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. பெட்ரோல் பம்ப் போயிருக்கும் என்று நினைத்துக் கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

ஏப்ரல் 7
மேல் கவரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். டைமிங் பெல்ட் அறுபடாமல் கேம் புல்லியின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சுற்றை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பெல்ட் அது. "அண்ணே, பெல்ட் நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "ஆயில் மூடியைத் திறந்துட்டு, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால மெதுவா திருப்புங்க தம்பி. எங்கயாவது முட்டினா உடனே நிறுத்திடணும். உள்ள ராக்கர் ஆடுதா பாருங்க. செல்ஃப் மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார்.

கால் சுற்று திருப்பினேன். ராக்கர் (கேம் அசைக்க, வால்வை அழுத்தித் திறக்கும் கை) அசையவில்லை. கிராங்கின் சுற்று கேமுக்குப் போகவில்லை.

கீழ்க் கவரையும் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. கிராங்க் புல்லியைச் சுற்றியிருந்த பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குப் பற்களே இல்லை. கிராங்க் சீலில் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்த ஆயில் பெல்ட் ரப்பரை ஊறவைத்திருந்தது. பெல்ட்டுக்கு வயது ஒன்பது, ஓடியது 78,000 கிலோமீட்டர். கிலோமீட்டரை மட்டும் எண்ணி, வருடத்தை எண்ணாமல் விட்டது என் தப்பு.

ஏப்ரல் 8
பிளக் ஓட்டை வழியாக கேமரா விட்டுப் பார்த்தேன். நான்காவது பிஸ்டன் தலையில் நகக்கீறல் போல ஒரு பிறை. கேம் நின்றுவிட, திறந்தபடி இருந்த வால்வில் பிஸ்டன் இடித்த தடம். மற்றதெல்லாம் கரி, ஒன்றும் புரியவில்லை.

பெல்ட் இல்லாமல் கம்ப்ரஷன் பார்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். கேம் நிற்கும்போது சில வால்வு திறந்தபடியே இருக்கும். அந்த நிலையில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் அதற்கு அர்த்தமே கிடையாது.

ஏப்ரல் 10
சோதனைக்காக மட்டும் ஒரு பெல்ட் போட்டோம். அண்ணன் முதலில் கிராங்கை டைமிங் குறியிலிருந்து 90 டிகிரி பின்னால் கொண்டுபோனார். நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும், கேமைத் திருப்பும்போது எந்த வால்வும் எதிலும் இடிக்காது. கேம் குறி சேர்ந்த பிறகுதான் கிராங்கைத் தன் குறிக்குக் கொண்டுவந்தார். பிளக் எல்லாம் வெளியே. கையாலேயே இரண்டு முழுச் சுற்று, எங்கும் தடையில்லை.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "முட்டாம சுத்துறது வேற தம்பி, வால்வு மூடுறது வேற" என்றார்.

கம்ப்ரஷன் மீட்டர்: ஒன்றாவது சிலிண்டர் 170 பிஎஸ்ஐ, இரண்டாவது 168, மூன்றாவது 0, நான்காவது 35.

ஏப்ரல் 11
ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கிராங்க் நழுவாமல் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுத்தோம். இனி காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. மூன்றாவதில் த்ராட்டில் பக்கம் "ஸ்ஸ்ஸ்", அதாவது காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு மூடவில்லை. நான்காவதில் சைலன்சர் குழாயில் காற்று கையில் பட்டது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. ஆயில் மூடியில் பெரிதாகச் சத்தம் இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. பிஸ்டன் ரிங்கும், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் தப்பித்தன.

ஏன் இந்த இரண்டு மட்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் முறை, 1-3-4-2. கேம் நின்ற நேரத்தில் ஒன்று கம்ப்ரஷனில் இருந்திருந்தால், மூன்று இன்டேக்கில், நான்கு எக்ஸாஸ்டில், இரண்டு பவரில். ஒன்றிலும் இரண்டிலும் வால்வு மூடியே இருந்திருக்கும். கணக்கு மீட்டரோடு அப்படியே பொருந்தியது. அடி வாங்கிய வண்டியை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

ஏப்ரல் 13
ஹெட் (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதி) இறங்கியது. கவிழ்த்து வைத்து, பிளக்கைப் போட்டு, சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றினோம். ஒன்றும் இரண்டும் அரை மணி நேரம் அப்படியே நின்றன. மூன்றும் நான்கும் போர்ட் வழியாக வடிந்துவிட்டன. கழற்றிய வால்வைப் பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. கண்ணாடிப் பலகையில் உருட்டினோம், தண்டுக்கு அடியில் வெளிச்சம் வந்து வந்து போனது. அவ்வளவு சின்ன வளைவு.

பிஸ்டன் தலையில் பிறைத் தடம் ஆழமில்லை, கூர்முனையும் இல்லை. நான்கு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு உயரம் வருகிறது என்று டயலில் அளந்தோம். எல்லாம் ஒன்று போல. கனெக்டிங் ராடு வளையவில்லை.

ஏப்ரல் 16
லேத்திலிருந்து செய்தி: நான்காவது எக்ஸாஸ்ட் வால்வு கைடில் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) மயிரிழை விரிசல். இது எந்தச் சோதனையிலும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கைடு மாற்றி, இரண்டு புது வால்வையும் சீட்டில் (வால்வு உட்கார்ந்து மூடும் வளையம்) கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தருகிறார்கள்.

ஏப்ரல் 22
புது ஹெட் போல்ட், கேஸ்கெட், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல். கையால் இரண்டு சுற்று, குறிகள் சரி. பிளக் போடுவதற்கு முன் மீட்டர்: மூன்றாவது 172, நான்காவது 170. செல்ஃப் அடித்ததும் பழைய திணறலோடு சுற்றி, பிடித்துக்கொண்டது.

இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். கீழ்க் கவரைப் போடுவதற்கு முன் சீலுக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.