எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்

2022இல் ஓமலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்தேன். இரவு ஷிப்டில் டிராலி தள்ளும்போது கால் வழுக்கி விழுந்ததில் வலது தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்கே ஆபீஸில், "வீட்ல விழுந்ததா சொல்லிடுங்கக்கா, உங்களுக்கும் அலைச்சல் இல்ல" என்றார்கள். வலியில் நான் தலையாட்டியிருப்பேன், கூட வந்த ரீலிங் பிரிவு அக்காதான் விடவில்லை. வேலையில் பட்ட காயம் என்று விபத்து அறிக்கை போனால் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், டாக்டர் ஓய்வு எழுதும் வரைக்கும் வரும். சாதாரண சுகவீனம் என்றால் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். எனக்கு அதெல்லாம் அன்றைக்கு எங்கே தெரியும்.

மூன்றரை மாதம் கழித்து வேலைக்குப் போகலாம் என்று எழுதிய டாக்டர், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் தூக்கி வேலை செய்யக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அந்தச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழையபடி கோன் மூட்டை அடுக்கச் சொன்னார். நல்லவேளை, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தேன், ஐந்தாம் நாள் முடியவில்லை என்றேன். "இங்க லைட் வொர்க்னு ஒண்ணும் கிடையாதுக்கா. முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பி.எஃப். பணத்தை வாங்கிக்கலாம்."

அன்றைக்கு ராஜினாமாவில் கையெழுத்துப் போடாமல் வந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவிக்குப் போனேன். ஆலைத் தொழிலாளி என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் வைத்துத் தர வேண்டும், அது 1987ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீல் அம்மா சொன்னது எதுவும் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. காயம்பட்டவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்துக்கும் போக முடியாது, இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு, ஆனால் அது உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் நம்மை நீக்கக் கூடாது என்பது, எனக்கு அது முடிந்துவிட்டது. அப்போ என்னதாங்க இருக்கு என்று கேட்டேன். "அவங்களா நிறுத்தினா வழக்கு இருக்கு. நீங்களா எழுதிக் குடுத்தா அதுவும் இல்ல."

டாக்டர் சீட்டு நகலோடு, இந்த அளவுக்குள் எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார் என்று எழுதி நிர்வாகத்துக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னார். பதிலே இல்லை. அடுத்த வாரம் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார், பாவம் அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அப்புறம் தொழில் தகராறுகள் சட்டம் 2ஏ பிரிவில் (வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் தனியாளாகவே முறையிடும் பிரிவு) தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராக சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கே போகலாம். (நான் சொன்ன இ.எஸ்.ஐ., இழப்பீடு, தொழில் தகராறு சட்டங்கள் எல்லாம் அப்போதைய கணக்கு. 2025 நவம்பரிலிருந்து புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, பிரிவு எண்களை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) முதல் இரண்டு வாய்தாவுக்கு நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை. மூன்றாவதில் வந்தவர், "அவங்களாத்தான் வரதில்லைங்க சார்" என்றார். ஒப்புகை அட்டையை மேஜையில் வைத்தேன். அவர்கள் ஆபீஸ் முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் பேச்சு வேறு மாதிரி ஆனது.

செக்கிங் மேஜையில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். வெளியே நின்ற நாளுக்குப் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது, முழுசும் வேண்டுமென்றால் நீதிமன்றம் போயிருக்கலாம், வீட்டு வாடகை நினைப்பில் ஒத்துக்கொண்டேன். தோளில் நிரந்தரமாக எவ்வளவு குறை என்று பார்க்க இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவுக்கு மனு போட்டிருக்கிறேன். அதற்கு டாக்டர் எழுதிய அசல் சீட்டும் இருந்தால் நல்லது என்றார்கள். சூப்பர்வைசர் அதை இன்னும் திருப்பித் தரவில்லை.